மூலைவிட்டம் அளக்காத கோர்ட்

என் அப்பா மாணிக்கவாசகத்துக்கு ஒரு வியாதி உண்டு. நாலு மூலை உள்ள எதைப் பார்த்தாலும் குறுக்கே அளப்பார். போன மாதம் டில்லி மயூர் விஹாரில் என் வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்தது. கொண்டுவந்த ஆட்கள் இரண்டு பேரும் பொருத்தி முடித்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். தலைமாட்டின் இடது மூலையிலிருந்து கால்மாட்டின் வலது மூலைக்கு ஒரு அளவு. அப்புறம் மாற்றிப் பிடித்து இன்னொரு அளவு. அரை அங்குலம் வித்தியாசம். "கோல்கே ஃபிர் சே லகாவோ" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே கழற்றி மறுபடி மாட்டினார்கள்.

என் கணவருக்கு இது வேடிக்கை. எனக்கு வேடிக்கை இல்லை. நான் முன்கோபக்காரி, வீட்டில் எல்லாரும் என் வாய்க்குப் பயப்படுவார்கள். ஆனால் அப்பா டேப்பை எடுத்தால் மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஏன் என்று இவ்வளவு நாள் யாருக்கும் சொன்னதில்லை. அதில் என் லட்சணமும் கொஞ்சம் வெளியே வரும் என்பதுதான் காரணம். சரி, வரட்டும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் கிட்வாய் நகரில் இருந்தோம். இப்போது அங்கே போனால் எனக்கே வழி தெரியாது, எல்லாம் அண்ணாந்து பார்க்கிற கட்டடங்கள். அன்றைக்கு இருந்தவை மஞ்சள் பூசிய மாடி குவார்ட்டர்ஸ். நாங்கள் மேலே, லூர்துராஜ் அங்கிள் வீடு கீழே. வீடுகளுக்கு நடுவில் ஒரு பார்க். பார்க் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் பம்ப் ஹவுஸ் சுவர், அதன் முனையிலிருந்து பக்கவாட்டில் மெஹந்திச் செடி வேலி, நடுவில் பாதி புல்லும் பாதி மண்ணுமாக ஒரு இடம். அந்த இடத்தை இன்றைக்கு நினைத்தாலும் எல்லாம் அப்படியே திரும்பி வருகிறது. ஈர மண் வாசனை, யார் வீட்டிலிருந்தோ வரும் மேத்தி பராட்டா வாசனை, மாடியில் காயும் ரஜாய்ப் போர்வைகள், பனிக்குள்ளிருந்து ஒரு ஆளாக உருவாகி வரும் பால்காரர்.

தீபாவளி முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பார்க்கில் பேட்மின்டன் கோர்ட் போடுவார்கள். டில்லி காலனிகளில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அறிவிப்பு. எங்கள் பார்க்கில் கோர்ட் போடுவது அப்பாவின் வேலை. அமைச்சகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் எழுத்தர் அவர். நாளெல்லாம் பதிவேட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பவர். அவர் கோடு போட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று காலனியில் பெயர். எதிர் வீட்டு சர்தார்ஜி, "மாணிக் சாப் கா லைன்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அப்பாவுக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. ஹிந்தி சரியாக வராது, ஆங்கிலம் பேசக் கூச்சம், ராக்கெட்டைக் கையில் பிடித்ததே இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும், மங்கி கேப்பும் கை இல்லாத ஸ்வெட்டருமாக அவர் பார்க்கின் நடுவில் நின்று ஆட்களை வேலை வாங்குவார்.

லூர்துராஜ் அங்கிள் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேரே வந்துவிடுவார். வேறொரு அமைச்சகத்தில் டிரைவர், திண்டுக்கல்காரர். நைலான் கயிற்றின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அப்பா கையில். நாற்பத்து நாலு அடிக்கு ஒரு முடிச்சு, இருபது அடிக்கு ஒரு முடிச்சு. முதல் வருஷம் போட்டபோதே நாலு மூலையிலும் பாதிச் செங்கல்லை மண்ணில் புதைத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் காலால் மண்ணைத் தள்ளிச் செங்கல்லைக் கண்டுபிடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, சுண்ணாம்புப் பொடியைக் கோடாகத் தூவினால் போதும்.

"நாற்பத்து நாலு சரியா இருக்கா லூர்து?"

"கரெக்டா இருக்குண்ணே. இந்தாங்க, முடிச்சு செங்கல்லு மேலயே உக்காந்துருக்கு."

"எதிர்ப் பக்கம்?"

"அதுவும் அப்படியேதாண்ணே."

நாலு பக்கமும் சரி. ஒரு அங்குலம் கூடாது, குறையாது. அதில்தான் அப்பா நிம்மதியாக இருந்தார்.

அந்தக் கோர்ட்டில்தான் நான் ஒன்பது வயதில் ஆட ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு நன்றாக வந்தது. பன்னிரண்டு வயதில் காலனி அங்கிள்கள் எல்லாரையும் தோற்கடித்தேன். என் பலமே குறுக்கு அடிதான். பின் மூலையில் நின்று, எதிராளியின் எதிர்ப் பக்கப் பின் மூலைக்குக் குறுக்கே தூக்கி அடித்தால், ஷட்டில் போய்க் கோட்டின் மேலேயே விழும். பார்க்காமல் அடிப்பேன். "கண்ணு அவ முதுகுல இருக்கு" என்பார் லூர்துராஜ் அங்கிள். அப்பா ஓரத்தில் நின்று கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஷட்டில் விழுந்து சுண்ணாம்பு லேசாகப் பறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அடித்தது நானா, கோடு போட்ட அவரா என்று சந்தேகம் வந்துவிடும்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது, பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கான டில்லி அணித் தேர்வுக்குப் பள்ளிக்கூடத்தில் என் பெயரை அனுப்பினார்கள். அதில் தேறினால் பயிற்சி, பிரயாணம், எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு நிலையில் எனக்கு விளையாட்டு தொடர வேண்டும் என்றால் அது ஒன்றுதான் வழி. அப்பா அரை நாள் லீவு போட்டு பஸ்ஸில் கூட்டிப் போனார். மரத் தரை போட்ட உள் அரங்கம். அப்படி ஒரு இடத்தை நான் முதல் தடவை பார்த்தேன்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். தோற்றேன் என்று சொல்வதுகூட மரியாதைதான், நாறிப்போனேன். வலது மூலையிலிருந்து குறுக்கே அடித்ததெல்லாம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே விழுந்தது. இடது மூலையிலிருந்து அடித்ததெல்லாம் ஒரு சாண் குறைந்து, எதிரில் நின்ற பெண்ணின் கைக்கு வாகாகப் போனது. பயத்தில் இன்னும் பலமாக அடித்தேன். வெளியே. மெதுவாக அடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே எடுத்தாள். என் கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

விசில் மாட்டிய பயிற்சியாளர் அம்மா ஒருவர், அப்பாவைக் கூப்பிட்டார். பெண்ணுக்குக் கை நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் வருகிறதே, எங்கே ஆடுகிறாள் என்று ஹிந்தியில் கேட்டார். காலனிப் பார்க் என்றார் அப்பா. கோடு யார் போடுவது என்று அடுத்த கேள்வி. அப்பா நிமிர்ந்து நின்று, "நான்தான்" என்றார். "டயகனல் செக் கர்தே ஹோ?" டயகனல் சரிபார்ப்பீர்களா என்று கேட்டார் அந்த அம்மா.

"ஹா ஜி, ஹா ஜி" என்றார் அப்பா.

புரியாத வார்த்தைக்கு முதலில் ஆமாம் போட்டுவிட வேண்டும் என்பது அப்பா டில்லிக்கு வந்த நாளிலிருந்து பிடித்துக்கொண்ட வழக்கம். ஆபீஸில் அதிகாரி என்ன சொன்னாலும் ஹா ஜி. அப்புறம் சீட்டுக்கு வந்து யாரிடமாவது அர்த்தம் கேட்டுக்கொள்வார். அந்த அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன். சாணக்யபுரி தாண்டியதும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, டயகனல்னா என்னா?"

"அதுகூடத் தெரியாதா? கோனேலேருந்து கோனா. எங்க மேத்ஸ் புக்ல இருக்கு. என்னைக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்க." மூலை என்ற தமிழ் வார்த்தைக்குப் பதில் ஹிந்திதான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ராக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தாள். அப்பா கூப்பிடவில்லை. என் பையிலிருந்து எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் ஓடாவிட்டாலும் படம் இருந்தது. செவ்வகம், அதன் குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு கோடு. அப்புறம், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பையனின் ராகத்தில், அவர் குரல் கேட்டது.

"செவ்வகத்தின் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் நேர்கோடு மூலைவிட்டம் எனப்படும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றுக்கொன்று சமம்."

"என்னங்க இது, இந்த நேரத்துல பாடம் படிக்கிறீங்க?" என்றாள் அம்மா.

"மூலைவிட்டமா இது? மன்னார்குடில படிச்சதுடி. ஒரு மார்க் கேள்வி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்." குரல் மாறிவிட்டது. "எதுக்கு அளக்கணும்னு ஒருத்தரும் சொல்லலியே காமாட்சி. நானும் கேக்கலியே."

மறுநாள் காலை, ஆபீஸுக்குப் போகும் முன், குவார்ட்டர்ஸ் பழுது பார்க்கும் காலனி என்கொயரி ஆபீஸில் கெஞ்சி நூறு அடி டேப் ஒன்றை வாங்கி வந்தார். லூர்துராஜ் அங்கிள் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். குறுக்கே ஒரு பக்கம் பிடித்தார்கள். நாற்பத்தொன்பது அடி மூன்று அங்குலம். மறுபக்கம் மாற்றிப் பிடித்தார்கள். நாற்பத்தேழு அடி ஐந்து அங்குலம். லூர்துராஜ் அங்கிள் தான் தப்பாகப் பிடித்துவிட்டதாக நினைத்து மறுபடி ஓடிப் போய்ப் பிடித்தார். அதே அளவுதான்.

நாலு பக்கமும் சரியாக இருந்தும் கோர்ட் சாய்ந்திருந்தது. நெருப்புப் பெட்டியின் மேலுறையை விரலால் லேசாக அழுத்தினால் சாயுமே, அப்படி. முதல் வருஷம் ஒரு கோட்டைப் பம்ப் ஹவுஸ் சுவரை ஒட்டியும் இன்னொன்றை வேலியை ஒட்டியும் பிடித்திருக்கிறார்கள். சுவரும் வேலியும் சேரும் மூலை சரியான செங்கோணமாக இல்லை. செங்கல்லைப் புதைத்ததால் அதே கோணல் வருஷா வருஷம் அச்சாக வந்திருக்கிறது. ஒரு குறுக்கு நீளம், மறு குறுக்கு குட்டை. நாலு வருஷமாக என் கை அந்தக் கோணலைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறது.

அதற்குள் சர்தார்ஜி, பால்காரர், பள்ளிக்கூட வேனுக்கு நின்ற பிள்ளைகள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் கீழே இறங்கிப் போனேன். இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "நாலு கோடு ஒழுங்காகப் போடத் தெரியவில்லை, பெரிய இஞ்சினியர் மாதிரி எதற்கு எல்லார் முன்னாலும் நின்றீர்கள்? எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரிந்ததுகூட உங்களுக்குத் தெரியவில்லை" என்றேன். அதையும் ஹிந்தியில் சொன்னேன். எல்லாருக்கும் புரியட்டும் என்று.

எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு என்ன தெரிந்திருந்தது? அந்தப் பாடத்தில் எனக்குப் பத்துக்குப் பத்து. புத்தகத்துக்குள் செருகியிருந்த பரீட்சைத் தாளை அப்பா முந்தின இரவே பார்த்திருக்க வேண்டும். "நீயும்தானே படிச்சே, உனக்கும்தானே உறைக்கல" என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மங்கி கேப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, ஆண்பால் பெண்பால் இடம் மாறிய தன் ஹிந்தியில், தப்பு என்னுடையது, பெண்ணுடையது இல்லை, அவள் கை சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். லூர்துராஜ் அங்கிள், "நானுந்தானண்ணே கயிறு புடிச்சேன்" என்று பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அப்பா அன்றைக்கு ஆபீஸுக்குப் போகவில்லை. கடப்பாரையைக் கொண்டுவந்து நாலு செங்கல்லையும் தோண்டி எடுத்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு குறுக்கும் நாற்பத்தெட்டு அடி நாலு அங்குலம் வரும்படி புதுக் கோர்ட் போட்டுவிட்டார்.

நான் போகவில்லை. வாரக்கணக்காகப் போகவில்லை. அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோடுகளைப் புதுப்பித்தார், டேப்பைக் குறுக்கே வைத்து அளந்தார். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடியைப் பார்ப்பார். நான் உள்ளே போய்விடுவேன். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அம்மா என்னைத் திட்டினாள், அவரையும் திட்டினாள், கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பட்டாணி உரிக்கப் போய்விட்டாள்.

ஜனவரி கடைசியில் ஒரு காலை. பனி கொஞ்சம் விலகியிருந்தது. கீழே ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா ராக்கெட்டோடு நிற்கிறார். வாழ்க்கையில் முதல் தடவை. எதிரில் லூர்துராஜ் அங்கிள். கோர்ட் சரியாக இருக்கிறதா என்று அடித்துப் பார்க்கிறார்களாம். அப்பா ராக்கெட்டைத் தோசைக் கரண்டி மாதிரி பிடித்திருந்தார். ஷட்டிலைத் தூக்கிப் போட்டு வீசினார், ராக்கெட் கையிலிருந்து நழுவிப் போய் வேலிக்குள் விழுந்தது. ஷட்டில் அவர் தலையிலேயே விழுந்தது.

"டச் ஆயிடுச்சுண்ணே" என்றார் லூர்துராஜ் அங்கிள், ரொம்ப மரியாதையாக.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். அதற்கு மேல் உள்ளே போக முடியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

"அப்படியாப்பா பிடிப்பாங்க? கட்டை விரலை இங்க வையுங்க."

மன்னிப்பு என்று நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ராக்கெட்டை வேலியிலிருந்து எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார்.

கையைத் திருத்துவது லேசான காரியம் இல்லை. பழைய அளவு மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. மார்ச் வரைக்கும் ஆடினோம், கோடையிலும் நான் விடிகாலையில் ஆடினேன். அடுத்த தீபாவளி வந்தபோது இரண்டு மூலையிலிருந்தும் குறுக்கே அடித்தது கோட்டின் மேல் விழுந்தது. அப்பா மட்டும் நம்பவில்லை. ஆபீஸ் கேன்டீன் மேஜை, வீட்டுக் கதவு, ஸ்கூல் நோட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறுக்கே அளக்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான். ஒரு நாள் அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "நாலு வருஷத்தைக் கெடுத்துட்டேனேடி. அவ இனிமே தோத்தான்னா, அது என்னாலதான்னு இருக்கும்."

இரண்டாவது வருஷத் தேர்வுக்கு அதே அரங்கம். அப்பா உள்ளே வர மறுத்துவிட்டார். வெளியே கேட் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார். முதல் ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவதும் ஜெயித்தேன். மூன்றாவதில் எனக்கு எதிரே வந்தவள் ஒரு குட்டைப் பெண். அவள் காலுக்கு ஸ்பிரிங் வைத்துத் தைத்திருந்தார்களோ என்னவோ. என் குறுக்கு அடிகள் ஒன்றுகூட வெளியே போகவில்லை. எல்லாம் கோட்டின் மேலேயே விழப் போயின. அவள் அத்தனையையும் ஓடிப் போய் எடுத்தாள். இருபத்தொன்றுக்குப் பதினாறு, இருபத்தொன்றுக்குப் பதினெட்டு. முடிந்தது. அணியில் என் பெயர் இல்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை, எப்போதுமே இல்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவர் என்ன கேட்கப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"குறுக்கு அடி சரியாத்தாம்ப்பா போச்சு. எல்லாமே கோட்டு மேலயே போச்சு. நான்தான் தோத்தேன்."

"நெஜமாவா பாப்பா?"

"நெஜமா. ஒண்ணுகூட வெளிய போகல."

என் தோல்வியை அப்படி ஒரு நல்ல சேதியாகக் கேட்டுக்கொண்ட மனுஷரை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைத்த மாதிரி மரத்தில் சாய்ந்துகொண்டார்.

"அந்தப் பொண்ணு நல்லா ஆடுச்சா?"

"ரொம்ப நல்லா ஆடினா."

"அப்ப சரி" என்றார் அப்பா. ஸ்வெட்டர் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.